பாலிடெக்னிக்கா, பிளஸ் ஒன்னா?

வணக்கம் ஐயா. தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். மகன் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்துவிட்டான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேரணும் என்கிறான். பிளஸ் ஒன் சேர்ந்து அப்புறம் பி.இ. படி என்கிறேன் நான். பேச உட்கார்ந்தாலே சண்டை. இப்போது எல்லாப் பேச்சும் அவன் அம்மா வழியாகத்தான். என்ன செய்யலாம்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

"பேச உட்கார்ந்தாலே" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் என்று தோன்றுகிறது. பதினைந்து வயதுப் பையனை எதிரே உட்கார வைத்துக் கேட்டால் அவனுக்கு அது விசாரணை.

என் அப்பா காசிமேட்டில் விசைப்படகு என்ஜின் வேலை பார்த்தவர். வீட்டில் படிப்புப் பேச்சை எடுத்தாலே நான் வாசலுக்குப் போய்விடுவேன். ஒருநாள் டார்ச் பிடிக்கப் படகுக்குள் கூட்டிப்போனார். அவர் கையெல்லாம் முழங்கை வரை ஆயில் கருப்பு. ஸ்பானரைத் திருப்பிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "கணக்கு புரியலையா, பிடிக்கலையா?" என்றார். அதுவரை யாரும் அப்படிப் பிரித்துக் கேட்டதில்லை. புரியலை என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். டார்ச் ஆடியது. "நேரா பிடி" என்றார், அவ்வளவுதான். அடுத்த வாரமே தெருமுனை அண்ணனிடம் டியூஷன் சேர்த்துவிட்டார்.

நீங்களும் ஒருநாள் அவனை லாரியில் ஏற்றிக்கொள்ளுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசையில் நிற்கும் நேரம் போதும். மெக்கானிக்கலில் என்ன பிடித்திருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். உங்களைப் போலவே அவனும் வெயிலில் வேகணுமா என்ற பயம் உங்களுக்கு இருந்தால், அதையும் சொல்லிவிடுங்கள். அப்பா பயப்படுவார் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

விவரங்களை இருவரும் சேர்ந்தே பாருங்கள். மூன்று வருட டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆகவே அவன் வழியில் போனாலும் உங்கள் ஆசை அடைபடுவதில்லை. இன்னொரு பக்கம், ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பிளஸ் டூ படிக்காவிட்டால் அந்த வழி கிடையாது. இதை மறைக்கவும் வேண்டாம், வைத்து மிரட்டவும் வேண்டாம். கேட்டுவிட்டு அவன் யோசிக்கட்டும், ரெண்டு நாள் விடுங்கள்.

அம்மாவைத் தூது அனுப்புவதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். பாவம், இரண்டு பக்கமும் அவர்தான் திட்டு வாங்குகிறார். லாரியில் அவன் என்ன சொன்னான் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.