நல்லது எது என்று தெரிந்தும் மனிதன் ஏன் அதைச் செய்வதில்லை? அறம் அறிவால் வருவதா, அன்பால் வருவதா, பிறவிக் குணமா?

கேள்வி கேட்டவர் கடைசியில் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்: பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்க முடியுமா? எல்லாமே ஒரே கேள்வியின் வெவ்வேறு முகங்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ரொம்ப காலமாக மனதுக்குள் கிடந்து உருளும் விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது நல்லது, எது கெட்டது என்ற விவரம் நம்மில் பெரும்பாலோருக்குப் போதுமான அளவு தெரியும். எதிரே நிற்கும் மனிதரை உள்ளபடி பார்ப்பதுதான் நமக்கு வருவதில்லை. அப்படிப் பார்க்க வைக்கும் சக்தி அன்புக்கு இருக்கிறது, அதனால் அன்பையே ஒரு வகை அறிவு என்று நான் நினைக்கிறேன். அறிவு தலையில் இருப்பது, அன்பு நெஞ்சில் இருப்பது என்று இரண்டையும் பிரித்து வைத்துவிட்டு, பிறகு அறம் எந்தப் பக்கம் என்று தேடினால் அது எந்தப் பக்கத்திலும் முழுசாகக் கிடைக்காது.

பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடல் கிட்டத்தட்ட உங்கள் கேள்வியோடுதான் தொடங்குகிறது. மெனோ என்ற இளைஞன் சாக்ரடீஸிடம் வந்து, அறம் கற்பிக்கக்கூடியதா, பழக்கத்தால் வருவதா, இயல்பிலேயே அமைவதா என்று எடுத்த எடுப்பில் கேட்கிறான். சாக்ரடீஸோ, அறம் என்றால் என்ன என்பதே எனக்குத் தெரியாதே, அது எப்படி வருகிறது என்று நான் எப்படிச் சொல்வேன் என்கிறார். இந்த மெனோ நிஜத்தில் வாழ்ந்தவன். கி.மு. 401இல் பாரசீக இளவரசன் ஒருவனுக்காகக் கூலிப்படையோடு போனவர்களில் அவனும் ஒருவன், அதே படையில் இருந்த செனபோன் அவனைப் பேராசைக்காரன், நண்பர்களை ஏமாற்றுகிறவன் என்று கடுமையாக எழுதி வைத்திருக்கிறார். செனபோனுக்கு அவன்மேல் கோபம் இருந்திருக்கலாம், அதைக் கழித்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் அறத்தைப் பற்றி அவ்வளவு கூர்மையாகக் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவனைப் பற்றி உடனிருந்தவர் இப்படி எழுதியிருக்கிறார் என்பதைப் படித்தபோது நான் வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாக்ரடீஸ் தரப்பில் ஒரு பிடிவாதமான கருத்து உண்டு: தெரிந்தே எவனும் தீமை செய்வதில்லை, தீமை செய்கிறவன் எங்கோ ஓரிடத்தில் அறியாமையில் இருக்கிறான். முதலில் கேட்கும்போது இது குழந்தைத்தனமாகத் தோன்றும். புகை பிடித்தால் கெடுதல் என்று தெரிந்துதானே பிடிக்கிறார்கள், பொய் தப்பு என்று தெரிந்துதானே சொல்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் மடக்கலாம். அரிஸ்டாட்டிலும் இது கண்ணுக்குத் தெரியும் உண்மைக்கு முரணாக இருக்கிறதே என்றுதான் ஆரம்பிக்கிறார். ஆனால் அவர் போய் நிற்கும் இடம் சாக்ரடீஸுக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. குடிபோதையில் இருக்கிறவன்கூட எம்பெடோக்ளீஸ் என்ற பழைய கிரேக்கத் தத்துவஞானியின் பாடல்களை வரி பிசகாமல் ஒப்பிப்பான், ஆசையின் பிடியில் இருக்கும்போது 'இது தப்பு' என்று நாம் சொல்லிக்கொள்வதும் அந்த மாதிரிதான் என்கிறார். வாய் சொல்கிறது, ஆனால் அந்த நேரத்தில் அது உள்ளே வேலை செய்யவில்லை. புதிதாகப் படிக்கும் மாணவர்களும் வாக்கியங்களைக் கோத்துச் சொல்லிவிடுகிறார்கள், அது அவர்களோடு ஒன்றாக வளர வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும் என்றும் சொல்கிறார். 'தெரியும்' என்று நாம் சொல்வதில் எத்தனை சதவீதம் இந்த ஒப்பிப்பு வகை என்று நேர்மையாகப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

மீதிப் பாதிக்கு எனக்கு உதவியது 1973இல் வெளியான ஓர் ஆய்வு. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கும் மாணவர்களை வைத்து நடத்தியது. மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்தச் சொன்னார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பு, பைபிளில் வரும், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒரு வாசலில் ஒருவர் தலை தொங்கிச் சரிந்து உட்கார்ந்து இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருப்பார், அதுவும் ஆய்வின் ஏற்பாடுதான். அவசரமில்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விதத்தில் உதவினார்கள். நேரமாகிவிட்டது, சீக்கிரம் போங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதம். எந்தத் தலைப்பில் பேசப் போகிறார்கள் என்பதால் குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவும் வரவில்லை. 40 பேரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு இது, இதை வைத்து மனித குலத்துக்கே தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனாலும் சமாரியன் கதையைப் பேசுவதற்காகவே போய்க்கொண்டிருந்தவர்கள் சிலர் கிடந்த ஆளைத் தாண்டிப் போனார்கள் என்பது சாதாரண விஷயமில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆய்வாளர்களே இரண்டு சாத்தியங்களைச் சொல்கிறார்கள்: அவசரத்தில் சிலருக்குப் பார்வை குறுகி, முன்னால் இருப்பது உதவி தேவைப்படும் மனிதர் என்பதே மனதில் பதியாமல் போயிருக்கலாம், வேறு சிலர் பதற்றத்தோடுதான் போய்ச் சேர்ந்தார்கள், தங்களை எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்கும் இவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். முதல் வகைதான் எனக்கு முக்கியம். அவர்களிடம் அறநூல் அறிவு இருந்தது. கண்ணும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை.

மனித இயல்பு நல்லதா கெட்டதா என்ற விவாதத்தைப் பற்றிச் சுருக்கமாக. பழைய சீனத்தில் மென்சியஸ் என்ற தத்துவஞானி நல்லது என்றார், கிணற்றில் விழப்போகும் குழந்தையைத் திடீரென்று பார்க்கும் எவருக்கும் நெஞ்சு பதறும், அந்தப் பதற்றம் லாபக் கணக்கு போட்டு வருவதில்லை என்பது அவருடைய ஆதாரம். அவருக்குப் பின்னால் வந்த ஷுன்ஸி, மனித இயல்பு கெட்டதுதான், கோணல் மரத்தை நீராவி காட்டி நிமிர்த்துவது போலப் பயிற்சி கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்றார். இருவரும் நாம் நினைப்பதைவிட நெருக்கமானவர்கள். மென்சியஸ் அந்தப் பதற்றத்தை வெறும் முளை என்றுதான் சொல்கிறார், வளர்க்காவிட்டால் கருகிவிடும். ஷுன்ஸியும் யார் வேண்டுமானாலும் பயின்று உயர்ந்தவராக ஆகலாம் என்று ஒப்புக்கொள்கிறார். ஆகவே இயல்பு தொடக்கத்தைத் தருகிறது, முடித்துத் தருவதில்லை. பிறவியிலேயே நல்லவன், பிறவியிலேயே கெட்டவன் என்று ஆட்களைப் பிரிக்கும் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கிணற்றுக் குழந்தையைவிட மென்சியஸிடம் எனக்குப் பிடித்தது ஒரு ராஜாவின் கதை. சீ நாட்டு அரசன் ஷுவான் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு மாட்டை இழுத்துக்கொண்டு போகிறார்கள், புது மணிக்கு இரத்தம் பூசும் சடங்குக்காக. மாடு நடுங்குவதைப் பார்த்துவிட்டு, விட்டுவிடுங்கள், என்னால் பார்க்க முடியவில்லை, அதற்குப் பதில் ஓர் ஆட்டைக் கொண்டு போங்கள் என்கிறான். மக்கள் அவனைக் கஞ்சன் என்று பேசுகிறார்கள். அரசனுக்கே ஏன் அப்படிச் செய்தோம் என்று விளங்கவில்லை. மென்சியஸ்தான் விளக்குகிறார்: நீங்கள் மாட்டைப் பார்த்தீர்கள், ஆட்டைப் பார்க்கவில்லை. அதோடு விடவில்லை. உங்கள் இரக்கம் ஒரு மாடு வரைக்கும் எட்டுகிறது, உங்கள் குடிமக்களுக்கு மட்டும் ஏன் எட்டவில்லை என்று கேட்கிறார். ஆட்டுக்கு உயிர் இருக்கிறது என்பது அரசனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மாடு அவன் முன்னால் நடுங்கியது. பார்த்ததற்கும் தெரிந்திருந்ததற்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியில்தான் நம்முடைய பெரும்பாலான அநியாயங்கள் நடக்கின்றன என்று நினைக்கிறேன்.

சரி, பார்வை என்பது தானாக வாய்ப்பதா, இல்லை நாம் ஏதாவது செய்ய முடியுமா? இங்கேதான் ஐரிஸ் மர்டாக்கிடம் வருகிறேன். நாவலாசிரியராக அறியப்பட்டவர், தத்துவமும் எழுதியவர். 1970இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில் ஒரு மாமியார், மருமகள் உதாரணம் வருகிறது. மருமகள் நாகரிகம் தெரியாதவள், படபடவென்று பேசுகிறவள், தன் மகனுக்கு ஏற்றவள் இல்லை என்று மாமியார் நினைக்கிறாள். ஆனால் நடத்தையில் ஒரு குறையும் வைப்பதில்லை, மனதில் இருப்பது வெளியே துளியும் தெரியாது. காலம் போகிறது. மாமியார் தன்னையே கேட்கிறாள்: நான் பழைய காலத்து ஆள், எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது, இன்னொரு முறை பார்க்கிறேன். அப்படிப் பார்க்கப் பார்க்க, நாகரிகமில்லாதவள் என்று தோன்றியவள் கள்ளமில்லாதவளாகத் தெரிகிறாள், சத்தமாகத் தெரிந்தது உற்சாகமாகத் தெரிகிறது. வெளியே ஒரு செயலும் மாறவில்லை, மருமகளுக்கு இது தெரியப்போவதும் இல்லை. அப்படியானால் இங்கே ஏதாவது நடந்ததா? நடந்தது, அறம் சார்ந்த உழைப்பு நடந்தது என்கிறார் மர்டாக். நியாயமாகவும் அன்பாகவும் ஒருவரைப் பார்க்கும் முயற்சியே அறத்தின் நடுநாயகம் என்பது அவர் வாதம். நான் படித்ததிலேயே என்னை அதிகம் மாற்றியது இதுதான். அறம் என்றால் பெரிய தருணத்தில் எடுக்கும் பெரிய முடிவு என்ற எண்ணமே எனக்கு இதற்கப்புறம் போய்விட்டது. முடிவெடுக்கும் நேரம் வரும்போது, அதற்கு முன்பு நாம் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது பாதிக்கு மேல் தீர்மானித்துவிட்டிருக்கும்.

எனக்கு ஓர் அத்தை இருந்தார், தத்துவம் என்ற சொல்லையே பேச்சில் பயன்படுத்தியவர் இல்லை. படுக்கையில் இருந்த ஒரு முதியவரை அவர் கவனித்துக்கொண்ட காலத்தில் நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் அன்பாக 'என்ன வேண்டும்' என்று கேட்போம், அவர் 'ஒன்றும் வேண்டாம்' என்பார், நாங்கள் கடமை முடிந்ததென்று நகர்ந்துவிடுவோம். அத்தை ஒன்றும் கேட்க மாட்டார். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று திரையை இழுத்துவிடுவார், கை மரத்துப்போயிருக்கும் என்று திருப்பி வைப்பார், பேச விருப்பமில்லாத நாட்களில் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் இருந்ததை அன்பு என்று சொல்வதா, அறிவு என்று சொல்வதா, நல்ல குணம் என்று சொல்வதா? மூன்றையும் பிரிக்க முடியாத இடம் அது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. அன்பு கண்ணை மறைக்கும், தன் பிள்ளை செய்த தப்பு தாய்க்குத் தெரியாது, வேண்டியவர்களுக்காக அநியாயம் செய்ய வைப்பதே அன்புதானே என்பார்கள். நான் இதை இரண்டாகப் பிரிப்பேன். மகனை டாக்டராக்கியே தீருவேன் என்று நிற்கும் அப்பாவுக்கு மகன் கண்ணில் படுவதே இல்லை, அவருக்குத் தெரிவது அவருடைய சொந்த ஆசை. அங்கே கண்ணை மறைப்பது 'நான்', அதற்குத்தான் அன்பு என்று பெயர் வைத்துவிடுகிறோம். உண்மையில் நேசிக்கிறவருக்குப் பிள்ளையின் குறை மற்றவர்களைவிடத் தெளிவாகத் தெரியும், அதனால் விலகிப்போக மாட்டார், அவ்வளவுதான். மறுப்பின் இன்னொரு பகுதி நியாயமானது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். நாம் பார்க்கவே முடியாத மனிதர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், நாளை பிறக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே மனம் இளகும் என்று காத்திருக்க முடியாது. இரக்கம் வற்றிப்போன மனிதனும் கடமைக்காக உதவ முடியும், அந்தச் செயலுக்குத் தனி மதிப்பு உண்டு என்று ஜெர்மன் தத்துவஞானி காண்ட் 1785இல் எழுதியது இந்த இடத்தில் எனக்குச் சரியாகப் படுகிறது. சட்டமும் விதியும் உரிமையும் எதற்கென்றால், அரசன் பார்க்காத அந்த ஆட்டுக்காகத்தான்.

நம் பக்கத்தில் வள்ளுவர் இதைக் கேள்வியாகவே கேட்டு வைத்திருக்கிறார். பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் கருதிக் காக்காவிட்டால் ஒருவன் பெற்ற அறிவினால் ஆவது உண்டோ என்று, இன்னா செய்யாமை அதிகாரத்தில். அருளுடைமையிலோ அன்புடைமையிலோ வைக்காமல் துன்பம் செய்யாதே என்று சொல்லும் அதிகாரத்தில் அறிவை இழுத்து வந்து நிறுத்துகிறார். அடுத்தவர் வலி தெரியாத அறிவை அவர் அறிவுக் கணக்கிலேயே சேர்க்கத் தயாராக இல்லை என்று நான் வாசிக்கிறேன்.

பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்ற கடைசிக் கேள்வி. மெனோ உரையாடலில் சாக்ரடீஸ் ஓர் உதாரணம் சொல்வார்: தெமிஸ்டாக்ளீஸ் என்ற பெரிய தலைவர் தன் மகனுக்குக் குதிரையின் மேல் நின்றபடியே ஈட்டி எறியக் கற்றுக்கொடுத்தார், ஆனால் தன்னைப் போன்ற திறமும் அறமும் மகனுக்கு வரவில்லை, கற்பிக்க முடிந்திருந்தால் கற்பித்திருக்க மாட்டாரா? எனக்கு இந்த வாதத்தில் முழுச் சம்மதம் இல்லை. பாடமாகச் சொல்லிக் கொடுக்க முடியாது என்பதுவரை சரி. பார்வையைப் பழக்க முடியும். ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைத் தள்ளிவிட்டு வந்து நிற்கும்போது 'தள்ளக் கூடாது' என்று சொல்வது ஒப்பிப்புக்குப் போய்ச் சேரும், நாமும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஆனால் அதோடு நிறுத்தாமல் 'அவன் முகத்தைப் பார், என்ன தெரிகிறது' என்று கேட்டுவிட்டு அது பார்த்து முடிக்கும்வரை நாம் அவசரப்படாமல் நிற்க வேண்டும். அப்புறம், வீட்டில் பெரியவர்கள் அங்கே இல்லாதவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவரை ஒரே சொல்லில் 'அவன் அப்படித்தான்' என்று முடித்துவிடும் வீட்டில் வளரும் குழந்தை ஆட்களை முடித்துவிடக் கற்றுக்கொள்கிறது. 'அவருக்கு அன்றைக்கு என்ன கஷ்டமோ, தெரியவில்லையே' என்று யாராவது ஒருவர் சொல்லும் வீட்டில், இரண்டாவது முறை பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது என்பது அதற்குத் தெரிந்துவிடுகிறது.