பந்து வராத பக்கத்தில் ஓடுகிறவன்

"எங்கள் மகன் டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முதல் வருடம் முடித்திருக்கிறான். பள்ளி நாளில் இருந்தே அமெரிக்கன் ஃபுட்பால், வைடு ரிசீவர். ஸ்காலர்ஷிப் கிடையாது, வாக்-ஆன் என்கிறார்களே, அப்படித்தான் டீமில் சேர்ந்தான். போன சீசன் முழுக்க ஒரு மேட்சில்கூட இறக்கவில்லை. கூடப் படிக்கும் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப்புக்கு ஓடுகிறார்கள். இவன் விடியற்காலை ஐந்து மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடுகிறான். சாக்ஸில் இருந்து கொட்டும் செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர் துகளில் வாஷிங் மெஷினே அடைத்துக்கொண்டது. 'போதும்டா, விட்டுவிடு' என்று சொல்லட்டுமா?"

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தாய், ப்ளேனோ, டெக்சாஸ்.

அம்மா, இப்போது சொல்லாதீர்கள். ஆகஸ்ட் கடைசி வரை பொறுங்கள். அதற்குள் அவன் செய்ய வேண்டியவையும் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவையும் சில இருக்கின்றன.

முதலில், "ஒரு மேட்சில்கூட இறக்கவில்லை" என்பதை நீங்கள் ஃபெயில் மார்க் போலப் படிக்கிறீர்கள். கல்லூரி ஃபுட்பாலில் முதல் வருடப் பையனை உட்கார வைப்பது சாதாரணம். ரெட்ஷர்ட் என்பார்கள். 2018-இல் வந்த விதிப்படி நான்கு மேட்சுகள் வரை ஆடினாலும் அந்த வருடம் அவன் ஆட அனுமதியுள்ள சீசன் கணக்கில் கழியாது. ஒன்றுமே ஆடாதவனுக்குக் கேட்கவே வேண்டாம். பதினெட்டு வயதுப் பையனை இருபத்திரண்டு வயது ஆள்களுக்கு எதிரே நிறுத்தாமல், ஒரு வருடம் எடை தூக்க வைத்து, சாப்பிட வைத்து, அணியின் ஆட்டத் திட்டங்கள் அடங்கிய ப்ளேபுக்கைப் படிக்க வைப்பார்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன என்பதால், அவனுக்கு எத்தனை சீசன் பாக்கி என்பதைக் கல்லூரியில் விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். ரிசீவர் என்றால் பந்து பிடிக்கிறவன் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையனின் தயவில், ஒரு கல்லூரியில் வசந்தகாலப் பயிற்சி முடிந்து கோச் வீடியோ போட்டுக் காட்டும் அறையில் ஓரமாக உட்காரும் வாய்ப்புக் கிடைத்தது. திரையில் பந்து வலது பக்கம் ஓடுகிறது. எல்லோர் கண்ணும் அங்கேதான். கோச் கையில் இருந்த லேசர் புள்ளி மட்டும் இடது ஓரத்தில் நின்றது. அங்கே ஒரு ரிசீவர், "நம் பக்கம் பந்து வராது" என்று தெரிந்ததும் நாலு எட்டு வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்திருந்தான். கோச் அந்தத் துண்டைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். அப்புறம் மறுபடியும். நான்கு தடவை. ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பையன் நாற்காலியில் சறுக்கிக்கொண்டே போனான்.

அங்கேதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. 2021-இல் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கில், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் கூப்பர் கப் 145 பந்துகள் பிடித்தார். 1,947 கஜம், 16 டச்டவுன், மூன்றிலும் லீக்கில் அவர்தான் முதல். 17 மேட்சுகளுக்கு வகுத்துப் பாருங்கள், மேட்சுக்கு ஒன்பது பந்துகூடப் பிடிக்கவில்லை. ஒரு அணி ஒரு மேட்சில் அறுபது, எழுபது ப்ளே ஆடுகிறது, அதாவது அத்தனை தடவை ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குகிறது. அப்படியொரு சீசனிலேயே பெரும்பாலான ப்ளேயில் பந்து அவர் கையில் இல்லை. அந்த நேரமெல்லாம் எதிராளியை மறித்துத் தள்ளினார், அல்லது பாதுகாவலனைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போய் இன்னொருவருக்கு இடம் உண்டாக்கினார். உங்கள் மகனை இறக்கலாமா என்று யோசிக்கும் கோச் பார்ப்பதும் அந்தப் பந்தில்லாத நேரத்தைத்தான். "இவனை நம்பி அனுப்பலாமா, தப்பான இடத்தில் போய் நிற்பானா?" என்பதுதான் அவர் கேள்வி.

ஆகவே, ஐந்து மணிக்குப் போய் அவன் என்ன செய்கிறான் என்று கேளுங்கள். திட்டுகிற தொனி வேண்டாம், தெரிந்துகொள்ளக் கேளுங்கள். "ஜக்ஸ் மெஷினில் 200 பந்து பிடித்தேன்" என்பான். சுழலும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே பந்தைச் செருகினால் பீய்ச்சி எறியும் மெஷின் அது. நல்ல பயிற்சிதான், கை பழகும். ஆனால் அது மட்டும் என்றால் கோடையில் பாதி வீண். நின்ற இடத்தில், யாரும் மேலே விழாமல், நேராக வருகிற பந்தைப் பிடிக்கத் தெரியாதவன் கல்லூரி அணிக்கே வந்திருக்க மாட்டான்.

அதைவிட முக்கியம் ரூட். ரிசீவர் ஓட வேண்டிய பாதைகளுக்குப் பல அணிகளில் 0 முதல் 9 வரை எண் உண்டு. ஒற்றைப்படை எண் ஓரக்கோட்டுப் பக்கம் திரும்பும், இரட்டைப்படை உள்ளே திரும்பும், 9 என்றால் நேரே ஓட்டம். கேட்கச் சுலபம். ஆனால் 12 கஜத்தில் திரும்ப வேண்டியவன் 10-இலேயே திரும்பினால் அந்த ப்ளே போச்சு. ஏனென்றால் அவன் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே குவாட்டர்பேக் பந்தை எறிந்திருப்பான். பந்து வந்து விழும் இடத்தில் இவன் இல்லை என்றால் ரிசீவரை மறிக்கும் எதிரணி கார்னர்பேக் இருப்பான். அதனால்தான் தனியாக ஓடுவதைவிட, தன் அணிக் குவாட்டர்பேக்குகளில் ஒருவனைக் கெஞ்சிக் கூத்தாடியாவது வாரத்துக்கு மூன்று நாள் கூட்டி வந்து எறிய வைக்க வேண்டும். கோடையில் கோச்சுகள் வீரர்களிடம் கட்டாயமாக வாங்கக்கூடிய நேரம் வாரத்துக்கு 8 மணிதான். மற்றதெல்லாம் பையன்கள் தாங்களாகச் சேர்ந்து செய்வது. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், யார் தினமும் வருகிறார்கள் என்பது கோச் காதுக்குப் போகாமல் இருக்காது.

இன்னொன்று, எல்லா ரிசீவர் இடங்களையும் படித்து வைப்பது. எக்ஸ், இசட், ஸ்லாட் என்று மூன்று இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இளம் பையன்கள் தங்கள் இடத்தை மட்டும் படிப்பார்கள். அக்டோபரில் ஒருவனுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டால், மூன்றும் தெரிந்தவனைத்தான் கோச் தேடுவார். இன்ஜினீயரிங் படிக்கிற மூளைக்கு இது கை வந்த கலை. உங்கள் மகனுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஸ்பெஷல் டீம்ஸ், பந்தை எதிரணிப் பக்கம் உதைக்கும் கிக்-ஆஃப், பன்ட் சமயத்தில் இறங்கும் குழு. "அதுக்கெல்லாமா நான் வந்தேன்?" என்று பல ரிசீவர்களுக்கு முகம் சுருங்கும். ஆடம் தீலன் கதையைச் சொல்லுங்கள். மினசோட்டா ஸ்டேட் என்ற டிவிஷன் 2, அதாவது இரண்டாம் தட்டுக் கல்லூரி. என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2013 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. வைக்கிங்ஸ் அணியின் ட்ரைஅவுட்டுக்குப் போய் ஒட்டிக்கொண்டார். முதல் வருடம் ப்ராக்டிஸ் ஸ்குவாடு, மேட்ச் கிடையாது, பயிற்சி மட்டும். 2014, 2015-இல் பெரும்பாலும் ஸ்பெஷல் டீம்ஸ்தான். 2016-இல்தான் ரிசீவராக நிலைத்தார், 2017, 2018 இரண்டு வருடமும் சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பவுலுக்குத் தேர்வானார். பன்ட் உதைத்ததும் ஓரத்தில் இருந்து பறந்து போய்ப் பந்தை வாங்குகிறவனைச் சாய்க்கிற ஆளுக்குக் கன்னர் என்று பெயர். வேகமும் துணிச்சலும் உள்ள ரிசீவருக்கு அந்த வேலை பொருந்தும். வாக்-ஆன் பையன் மேட்சில் கால் வைக்கும் முதல் வழி பெரும்பாலும் அதுதான்.

40 கஜ ஓட்டத்தில் நேரத்தைக் குறைக்கத் தனி ட்ரெய்னர், மாதம் இவ்வளவு டாலர் என்று யாராவது வந்தால் பர்ஸை மூடி வைத்துக்கொள்ளுங்கள். ஆன்க்வான் போல்டின் 2003-இல் அந்த ஓட்டத்துக்கு 4.7 நொடி எடுத்தார். ரிசீவருக்கு அது மெதுவான நேரம். அதே வருடம் அரிசோனா அணிக்காக 101 பந்துகள் பிடித்தார். வேகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்லூரியில் அதற்கென்று சம்பளம் வாங்கும் ஸ்ட்ரெங்த் கோச் இருக்கும்போது வெளியே எதற்குக் கொட்ட வேண்டும்?

சரி, கசப்பான பக்கம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கல்லூரி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் ஃபுட்பால் அணிக்கு 105 பேர்தான் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. முன்பு ஸ்காலர்ஷிப்புக்கு மட்டும்தான் 85 என்ற எல்லை. வாக்-ஆன் பையன்களை 120-க்கு மேலும் சேர்த்து வைத்திருந்த அணிகள் உண்டு. இப்போது கத்தரி விழுந்தால் முதலில் விழுவது இவர்கள் மேல்தான். அதனால் உங்கள் மகன் தன் ரிசீவர் கோச்சிடம் இந்த மாதமே நேரம் கேட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கேள்வி கேட்கட்டும்: "வருகிற சீசனுக்கு எனக்கு அணியில் இடம் உறுதியா? டெப்த் சார்ட்டில் (யார் முதலில் இறங்குவது என்ற வரிசைப் பட்டியல்) எனக்கு நேர் மேலே இருப்பவனைத் தாண்ட நான் எதைச் சரிசெய்ய வேண்டும்?" பதிலை நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். அவன்தான் கேட்க வேண்டும், நீங்களோ அவன் அப்பாவோ ஃபோன் செய்யவே கூடாது. பெற்றோர் பேசிய மறுநாளே அந்தப் பையன் கோச் கண்ணுக்குக் குழந்தையாகிவிடுவான்.

ஹன்டர் ரென்ஃப்ரோ போல ஆகிவிடுவேன் என்று அவன் சொல்லக்கூடும். க்ளெம்சனில் வாக்-ஆனாகச் சேர்ந்து, முதல் வருடம் வெளியே உட்கார்ந்து, 2017 ஜனவரியில் தேசிய இறுதியில் அலபாமாவுக்கு எதிராக ஒரு நொடி மிச்சம் இருக்கும்போது வெற்றிப் பந்தைப் பிடித்தவர். உண்மைக் கதைதான். ஆனால் டிராஃப்டுக்குத் தகுதியான கல்லூரி வீரர்களில் என்.எஃப்.எல். தேர்ந்தெடுப்பது நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை என்பது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பே வெளியிடும் கணக்கு. எனவே டிகிரிதான் அவன் தொழில் என்று வைத்துத்தான் நான் பேசுகிறேன்.

டிகிரி விஷயத்தில் எனக்குள்ள பயம் வேறு. இன்டர்ன்ஷிப் ஒரு கோடை தள்ளிப் போவதில் பெரிய நஷ்டம் இல்லை. மெக்கானிக்கலில் இரண்டாம், மூன்றாம் வருடத்துக்குப் பிறகு கிடைப்பதைத்தான் கம்பெனிகள் அதிகம் மதிக்கின்றன. ஆனால் பிற்பகல் லேப் பயிற்சியோடு மோதும்போது, "மேஜரை மாற்றிக்கொள்ளேன், சுலபமாக இருக்கும்" என்று யாராவது அன்பாகச் சொல்வார்கள். அந்த வார்த்தை வீட்டில் காதில் விழுந்தால் அன்றைக்கே எனக்கு எழுதுங்கள். முதல் தட்டான டிவிஷன் 1 விதிப்படி இரண்டாம் வருட முடிவில் டிகிரியில் 40 சதவீதம், மூன்றாவதில் 60, நான்காவதில் 80 முடித்திருக்க வேண்டும். அதில் பின்தங்கினால் ஆடவும் முடியாது. தெர்மோடைனமிக்ஸ் போன்ற கனமான பாடத்தைச் சீசன் நடக்கும் செமஸ்டரில் எடுக்காமல் வசந்தகாலத்துக்குத் தள்ளட்டும். இந்தக் கோடையிலேயே ஒரு பாடத்தை முடித்து வைத்தால் செப்டம்பரில் மூச்சுவிட இடம் கிடைக்கும். பல கல்லூரிகளில் விளையாட்டு வீரர்களுக்கு வகுப்புப் பதிவில் முன்னுரிமை உண்டு. அதைப் பயன்படுத்துகிறானா என்று பாருங்கள்.

நீங்கள் எச்-1பி வேலை விசா, அவன் அதைச் சார்ந்த எச்-4 என்றால் இன்னொரு விஷயம். 21 வயதில் அந்த விசா அவனுக்குச் செல்லாது. அதற்கு முன்பே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறும் வேலையைத் தொடங்க வேண்டும். 2021 ஜூலையில் இருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றாகிவிட்டது. ஆனால் எச்-4 பிள்ளைக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. பக்கத்து ஜிம்காரர் நூறு டாலர் நீட்டி விளம்பரத்தில் நிற்கச் சொன்னாலும், இமிக்ரேஷன் வக்கீலைக் கேட்காமல் கை நீட்ட வேண்டாம்.

உடம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தலையில் அடி பட்டால் மறைக்க மாட்டேன் என்று அவனிடம் வாக்கு வாங்குங்கள். இடத்துக்குப் போராடும் பையன்கள்தான் அதிகம் மறைக்கிறார்கள். கடையில் விற்கும் பவுடர், மாத்திரை எதையும் அணியின் டயட்டீஷியனிடம் காட்டாமல் வாயில் போடக்கூடாது; தடை செய்த பொருள் அதில் கலந்திருந்தால் "தெரியாது" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. மற்றபடி சாம்பார் சாதத்தோடு நாலு முட்டை, ஒரு கிண்ணம் தயிர். இந்த விஷயத்தில் நீங்கள்தான் ஸ்ட்ரெங்த் கோச்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, ஒரே ஒரு ப்ளேயை வரைந்து காட்டச் சொல்லுங்கள். அவன் ஓடும் கோடு மட்டும் போதாது. மற்றப் பத்துப் பேரும் அந்த ப்ளேயில் எங்கே போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லட்டும். தடுமாறாமல் சொன்னான் என்றால் இந்தக் கோடை வீணாகவில்லை. தன் கோட்டைத் தாண்டிப் பேனா நகரவில்லை என்றால், கேம்ப் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது, ப்ளேபுக்கைத் திறக்கச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் கடைசி வாரம், முதல் மேட்சுக்கு முன் டெப்த் சார்ட் வரும். ரிசீவர் வரிசையில் அவன் பெயரைக் காணவில்லை என்று உடனே முடிவு கட்டாமல், கிக்-ஆஃப், பன்ட் குழுக்களில் இருக்கிறானா என்று அவனிடமே கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். எதிலுமே இல்லை, கோச் சொன்ன குறைகளையும் அவன் சரிசெய்துவிட்டான் என்றால், வேறு கல்லூரியா, டிவிஷன் 2-ஆ, இல்லை ஆட்டத்தை நிறுத்திவிட்டு இன்டர்ன்ஷிப்பா என்று மூவரும் உட்கார்ந்து பேசலாம்.

அதுவரை சாக்ஸைக் கராஜிலேயே உதறிவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள். மெஷின் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வேலையும் இனி அவனுடையது.