எழுபது வயதைக் கடந்த ஒருவர் தனியாகப் பாய்மரப்படகில் உலகைச் சுற்றிவர முடியுமா? அவர் எப்போது உறங்குவார்?

முடியும். 1966இல் பிளிமத்திலிருந்து புறப்பட்டு, சிட்னியில் மட்டும் தரித்து, மறு ஆண்டு திரும்பிய பிரான்சிஸ் சிச்செஸ்டருக்கு அந்தப் பயணத்தின்போது 65 வயது நிறைந்தது. ஜீன் சொக்ரட்டீஸ் என்ற பிரித்தானியப் பெண்மணியோ 2019இல், தம் 77ஆவது வயதில், கனடாவின் விக்டோரியாவிலிருந்து புறப்பட்ட பயணத்தை எங்கும் தரிக்காமல், எவர் உதவியுமின்றி, ஏறத்தாழ 11 மாதங்களில் நிறைவு செய்தார்.

உடல்வலிமை நாம் நினைக்குமளவு தேவைப்படுவதில்லை. பாயைச் சுருட்டவும் இழுக்கவும் பற்சக்கரம் பொருத்திய உருளைகள் உள்ளன. காற்றின் திசைக்கேற்பத் திரும்பும் ஒரு மெல்லிய தகடு, மின்சாரமே இல்லாமல் சுக்கானை இயக்கிப் படகை அதன் போக்கில் வைத்திருக்கும்.

உறக்கம்தான் உண்மையான சிக்கல். மாலையில் காலிமுகத்திடலில் நின்று அடிவானத்தில் நகரும் கப்பல்களைப் பார்த்திருப்பீர்கள். படகிலிருப்பவருக்கு அப்படித் தோன்றும் வேகமான கப்பலொன்று இருபது நிமிடத்துக்குள் அருகில் வந்துவிடக்கூடும் என்பதால், தேவேந்திரமுனைக்குத் தெற்கேயுள்ளது போன்ற நெரிசலான கப்பற்பாதைகளில் கடிகார மணியை வைத்துக்கொண்டு அதற்கும் குறைவான நேரமே கண்ணயர முடியும். பிற கப்பல்களின் சமிக்ஞையைப் பெற்று எச்சரிக்கும் கருவிகள் இன்று இருந்தாலும், சிறிய மீன்பிடி வள்ளங்கள் பலவற்றை அவை காட்டுவதில்லை.

முதுமையில் நான் அதிகம் அஞ்சுவது புயலையன்று, வழுக்கி விழுவதை. சொக்ரட்டீஸ் அம்மையாரே 2017இல், புறப்படுவதற்கு முன் படகில் வேலை செய்கையில் விழுந்து, கழுத்தெலும்பு முறிந்தவர்.