பழைய கச்சேரிக் கட்டடத்துப் பித்தளையும் இரும்பும்: கேள்வி பதில்

தக்கலை: நூலகமாக மாறவிருக்கும் பழைய கச்சேரி (அந்தக்கால அரசு அலுவலகம்) கட்டடத்தில் கழற்றிய பித்தளைக் கதவுக் குமிழ்களைப் புளி தேய்த்துக் காட்சிக்கு வைக்கலாமா, அண்ணாச்சி?

பதில்: வேண்டாம். புளியின் அமிலம் அழுக்கோடு நிற்பதில்லை, உலோகத்தையும் அரிக்கும். பித்தளையிலுள்ள துத்தநாகம் முதலில் கரைவதால்தான் புளியில் ஊறிய பாத்திரம் செம்பு நிறமாகச் சிவக்கிறது. உப்பும் சேர்த்துத் தேய்த்தால் கேடு இன்னும் பெரிது. வேலைப்பாட்டின் இடுக்குகளில் தங்கிவிடும் குளோரைடு, ஈரக்காற்றில் செம்பைத் தின்று, விரலில் ஒட்டும் வெளிர்பச்சைத் தூளாக வெளிவரும். அதை அடக்கக் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 42 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இடவப்பாதி மழையில் நம் ஊரில் அது நடக்கிற காரியமா? தலைமுறைக் கணக்கில் தேய்க்கப்பட்ட சிங்கமுகக் குமிழ் ஒன்று என் மேசைக்கு வந்தபோது, மூக்கும் மீசையும் மழுங்கிப்போய், பிடரிமயிரின் பள்ளங்களில் மட்டும் உளிக்கீறல்கள் மிஞ்சியிருந்தன. அவற்றிலும் பழைய பாலிஷ் வெள்ளையாக உறைந்து கிடந்தது. காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) மெல்லிதாகப் பூசுங்கள், போதும்.

மார்த்தாண்டம்: துருப்பிடித்த கம்பி அழிக்கு (கம்பித் தடுப்புக்கு)க் கடுக்காய்த் தண்ணீர் பூசலாமா?

பதில்: யோசனை சரிதான். கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானின் துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாகிறது. ஆனால் கஷாயத்தில் டானினின் அளவு தெரியாது, பூஞ்சைக்குத் தீனியும் கூடவே இருக்கும். டானிக் அமிலத்தையே வாங்கிக் கரைத்துக்கொள்ளுங்கள். பழைய சிவப்புப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே உப்புத்தாளால் உலரத் தேய்க்காதீர்கள். முன்பு என்னென்ன பூசியிருந்தார்கள் என்பதற்குச் சான்றாக, ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் எல்லாப் பூச்சு அடுக்குகளையும் அப்படியே விட்டுவையுங்கள்.

செங்கோட்டை: புளிக்குப் பதில் எலுமிச்சை?

பதில்: அதுவும் அமிலமே.

களியக்காவிளை: பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தில் தொங்கும் குதிரைவீரன் விளக்கை எப்படிப் பராமரிக்கிறார்கள்?

பதில்: நிலம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். அவர்களைக் கேளுங்கள்.

குழித்துறை: புளி வேண்டாமென்றால் புட்டி பாலிஷ்?

பதில்: அவற்றில் பலவற்றில் அம்மோனியா உண்டு. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டதற்குக் காரணம், குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவே. வௌவால் எச்சத்திலிருந்தும் அம்மோனியா எழும் என்பதால், வௌவால் அடையும் கூரையின் கீழும் பித்தளையைப் போட்டுவைக்காதீர்கள்.

நாகர்கோவில்: கறுத்துக் கிடக்கும் குமிழை யார் பார்க்க வருவார்கள்? விளக்கு மின்னாத வீட்டில் லட்சுமி தங்க மாட்டாள் என்பார் எங்கள் அம்மா.

பதில்: வீட்டு விளக்கைத் தேய்க்க அம்மாவுக்கு முழு உரிமை உண்டு, தேய்ந்துபோனால் மூசாரியிடம் வேறு வார்த்துக்கொள்ளலாம். கச்சேரிக் குமிழில், மனுவோடு வந்தவர்களின் கை பட்ட இடம் வெளுத்தும் படாத இடம் கறுத்தும் இருக்கிறதே, பார்க்க வேண்டியது அதைத்தான்.

நாகர்கோவில் (மீண்டும்): அது புரியாத பிள்ளைகளுக்கு?

பதில்: நியாயமான கேள்வி. புதிதாக ஒரு நகலை வார்த்து, அதை மின்ன மின்னத் தேய்த்துப் பழையதன் பக்கத்தில் வையுங்கள். நகல் என்று எழுதியும் வையுங்கள்.

தக்கலை (மீண்டும்): அண்ணாச்சி, உங்கள் பதில் வருவதற்குள் நான்கு குமிழ்களைப் புளியில் போட்டுவிட்டார்கள்.

பதில்: உடனே எடுங்கள். காய்ச்சி வடித்த நீரை மாற்றி மாற்றி அலசுங்கள், இடுக்குகளுக்கு மெல்லிய தூரிகை, பிறகு நிழலில் உலர்த்தல். சிவந்திருந்தால் அப்படியே விடுங்கள். நிறத்தை மீட்கிறேன் என்று யாரும் மறுபடி கை வைக்க வேண்டாம்.