இன்னும் எத்தனை தை பாக்கணும்?

அன்புள்ள சார்,

உங்கள ரொம்ப நாளா படிக்கிறேன், இது இலக்கியக் கேள்வி இல்ல, மன்னிக்கணும். மடிப்பாக்கத்துல அப்பா 1989ல ஒரு கிரவுண்டு வாங்கி வீடு கட்டினார். அப்பா போய் அஞ்சு வருஷம், வீடு பூட்டியே கிடக்கு, அம்மா என்கூட இருக்காங்க. துபாய்ல இருக்கற தம்பி மெட்ரோ ஓடட்டும் விலை ஏறும்ங்கறான், தங்கச்சி இப்பவே வித்துடலாம்ங்கறா, புரோக்கர் தை பொறக்கட்டும்ங்கறார். எப்போ விலைக்குப் போடறது?

ஆர்., பெங்களூரு

அன்புள்ள ஆர்.,

இலக்கியக் கேள்விக்குத்தான் எனக்கு பதில் தெரியாது, இது பட்டுத் தெரிஞ்சது. மன்னார்குடி பக்கம் எங்க வீட்ட இதே மாதிரி தை பொறக்கட்டும்னு மூணு தை தள்ளினோம், அதுக்குள்ள கைப்பிடிச் சுவர்ல அரசங்கன்னு வேர் விட்டு, கரையான் உத்தரம் வரைக்கும் ஏறி, எவனோ கிணத்து மோட்டாரையும் கழட்டிட்டுப் போய், கடைசியில மொத வருஷம் வேணாம்னு சொன்ன விலைக்கும் கம்மியா குடுத்துட்டு வந்தோம்.

புரோக்கர் சொல்றது பொய்யில்ல. ஆடியிலயும் மார்கழியிலயும் அட்வான்ஸ் நீட்ட ஆள் வராது, முகூர்த்த நாள்னா ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கூடுதல் டோக்கன் விடற அளவுக்குக் கூட்டம். ஆனா அதெல்லாம் கையெழுத்துப் போடற நாளுக்கு. வாங்கறவன் லீகல் பாத்து லோன் போட்டு வரதுக்கே ரெண்டு மூணு மாசம் ஓடிடும், அப்போ தையில பத்திரம் பதியணும்னா ஐப்பசியிலயே வெளிய சொல்லியிருக்கணும். ஐப்பசின்னா மழையாச்சேன்னு யோசிக்காதீங்க. மடிப்பாக்கம்னு சொன்னதுமே 2015ல தண்ணி நின்னுதா, 2023 மிக்ஜாம் புயல்ல நின்னுதான்னுதான் வாங்க வர்றவன் கேப்பான். உங்க தெருவுல நிக்காதுன்னா கொட்டற மழையிலயே கூட்டிட்டு வந்து காட்டுங்க, அத விட விளம்பரம் கிடையாது. நின்னுதுன்னா மறைக்காதீங்க, எதிர்வீட்டுக்காரர் எத்தனை படி வரைக்கும் ஏறிச்சுன்னே சொல்லிடுவார்.

தம்பி சொல்ற மெட்ரோவும் நிஜம்தான், மாதவரம் - சோழிங்கநல்லூர் லைன் மடிப்பாக்கம் வழியாத்தான் வருது. ஆனா தூண் நட ஆரம்பிச்சப்பவே அங்க எல்லாரும் சொல்ற விலையில ரயில் ஓட ஆரம்பிச்சாச்சு, மொத வண்டி கிளம்பற அன்னிக்கு இன்னொரு தடவை அதே அளவு ஏறும்னு நான் நம்பல. இன்னொண்ணு, அவ்வளவு பழைய தனி வீட்டுக்கு கட்டடத்துக்குன்னு பெருசா விலை கிடையாது, மனைக்குத்தான். இடிச்சு பிளாட் போடறவன் ரோடு எத்தனை அடின்னுதான் பாப்பான், பெயிண்ட் அடிச்சு காச கரியாக்காதீங்க.

உங்க விஷயத்துல காலண்டர விட பேப்பர்தான் தேதிய முடிவு பண்ணும். அப்பா உயில் எழுதலன்னா அம்மா, நீங்க, தம்பி, தங்கச்சி நாலு பேருக்கும் சம பங்கு (அப்பாவோட அம்மா அப்போ இருந்தாங்கன்னா அவங்களுக்கும்), தங்கச்சிக்குத்தான் கல்யாணத்துல செஞ்சாச்சேங்கற பேச்செல்லாம் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல எடுபடாது. வாரிசு சான்றிதழ் வாங்கியாச்சா, பட்டா இன்னும் அப்பா பேர்லதானா, ஈசி, அதான் வில்லங்கச் சான்று, கடைசியா எப்போ போட்டீங்க? தம்பி வர முடியலன்னா அங்க இந்தியத் துணைத் தூதரகத்துல, அவருக்குப் பதிலா இன்னொருத்தர் கையெழுத்துப் போட பவர் எழுதி அட்டெஸ்ட் பண்ணி அனுப்பணும், அது இங்க வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் பண்ணணும். அதவிட அவர் டாக்ஸ்தான் பெரிய தலைவலி. இங்க இருக்கறவங்க பங்குக்கு வாங்கறவர் டிடிஎஸ்னு வரிய முன்னாடியே புடிக்கறது ஒரு பர்சென்ட், என்ஆர்ஐ பங்குக்கு அதவிட பல மடங்கு, குறைச்சுப் புடிக்க முன்னாடியே அப்ளை பண்ணி சர்டிபிகேட் வாங்கணும். 2024 ஜூலை 23ல மாறின விதிப்படி வித்த லாபத்துக்கான வரிய இங்க இருக்கற நீங்க இண்டெக்சேஷனோட (வாங்கின விலைய விலைவாசிக்கு ஏத்த மாதிரி ஏத்திக் கணக்குப் போடறது) 20 சதவீதமா, இல்லாம 12.5 சதவீதமான்னு எது கம்மியோ அதப் பாத்துக்கலாம், தம்பிக்கு அந்த சாய்ஸ் கிடையாது. அப்பா 2001க்கு முன்னாடி வாங்கினதால 2001 ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்பையே வாங்கின விலையா எடுத்துக்கலாம், அந்த தேதிக்கு அரசாங்கம் போட்ட கைட்லைன் வேல்யூவ இப்பவே தேடி எடுங்க. ஆடிட்டர அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி பாருங்க, அப்புறம் பாத்து பிரயோஜனமில்ல.

இத எல்லாம் முடிச்சு, நாலு பேரும் ஒரே கடைசி விலைய சொல்ற அன்னிக்கு போர்டு மாட்டுங்க, அது பங்குனியா இருந்தாலும் சரி. அதுக்கு முன்னாடி சும்மா போட்டு வெச்சு ஒரு வருஷம் கிடந்துச்சுன்னா ஏரியாவுல ஏதோ வில்லங்கம்னு பேர் வந்துடும், அப்புறம் என்ன தை பொறந்தும் குறைச்சுத்தான் கேப்பாங்க.

நாலு பேர்னு சொன்னேன், உங்க கடிதத்துல மூணு பேரோட அபிப்ராயம்தான் இருக்கு, அதுலயும் ஒருத்தர் புரோக்கர். அம்மா என்ன சொல்றாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. மொதல்ல அவங்கள கேளுங்க சார், மூலப்பத்திரம் எந்த பீரோவுல எந்தப் புடவைக்கு அடியில இருக்குன்னும் அவங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கும்.