நினைவு மலரில் என்ன எழுதுவது?

கேள்வி: என் தம்பி 26 வயதில் காய்ச்சலில் போய்விட்டான். வருஷ திதிக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் போட வேண்டும் என்கிறார் அப்பா. படிப்பு, வேலை என்று எழுதினால் அரைப் பக்கம்கூட வரவில்லை. அவன் அரியர் வைத்தது, கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனது எல்லாம் வரக்கூடாது என்கிறார் அத்தை. எப்படி எழுதட்டும்?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அரைப் பக்கம்கூட வரவில்லை என்று வருத்தப்படாதீர்கள் அம்மா. கணித மேதை ராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் இறந்தபோது அவருக்கு 32 வயது. ராயல் சொசைட்டி, கேம்பிரிட்ஜ் என்று அவருக்கு எழுத எவ்வளவோ இருந்தது. அவர் மனைவி ஜானகி அம்மாள் வயதான காலத்தில் எதைச் சொன்னார் தெரியுமா? கடைசி நாட்களில் நேரம் தவறாமல் சோறும் எலுமிச்சைச் சாறும் மோரும் கொடுத்ததை. வலிக்கும்போது காலுக்கும் நெஞ்சுக்கும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததை. அந்த வெந்நீர் போட்ட இரண்டு பாத்திரங்களையும் பத்திரமாக வைத்திருந்தார். திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்து 1994 வரை வாழ்ந்தவர். அந்தப் பாத்திரங்களைப் பார்த்தால் அந்த நாட்கள் ஞாபகம் வரும் என்பாராம்.

கணக்கில் மூழ்கிவிட்டால் ராமானுஜனுக்குச் சாப்பாட்டு நினைப்பே இருக்காது; சாதத்தைப் பிசைந்து உருட்டி வீட்டார் கையில் வைப்பார்கள். எனக்கு அவருடைய தேற்றம் ஒன்றும் புரியாது. இது புரிகிறது.

உங்கள் தம்பிக்கும் இப்படி ஏதாவது இருக்கும். அம்மாவை உட்காரவைத்துப் பேச விடுங்கள். எந்தக் குழம்புக்கு முகம் சுளிப்பான், வண்டியை எங்கே நிறுத்துவான், அம்மாவிடம் காசு வேண்டுமென்றால் எப்படிக் குழைவான் என்று கேளுங்கள். போனில் பதிவு செய்துகொண்டு, அவர் சொன்னபடியே எழுதுங்கள். இலக்கணம் திருத்த வேண்டாம். அழுதால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, இன்னொரு நாள் கேளுங்கள்.

அத்தை விஷயத்துக்கு வருவோம். ராமானுஜனும் கும்பகோணம் கல்லூரியில் மற்ற பாடங்களைக் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தவர்தான். 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை போய்விட்டார். காணவில்லை என்று பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. அதை எழுதாத வரலாறே இல்லை. அதனால் அரியரை எழுதுங்கள். வீட்டைவிட்டுப் போனதையும் எழுதலாம், ஆனால் அப்பா சம்மதித்தால் மட்டும். திரும்பி வந்த அன்று வீட்டில் என்ன சமைத்தீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் யாரையாவது விரும்பியிருந்தால் அந்தப் பெண்ணின் பெயர் வேண்டாம். நாளைக்கு அவளுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது.

அட்டைக்குப் பாஸ்போர்ட் போட்டோவைப் போட்டுவிடாதீர்கள். நண்பர்களின் போனில் தேடினால் சிரித்த முகமாக ஒன்று கிடைக்கும்.