பழைய ஸ்கிட் ஸ்டீயர் லோடரில் (மண் அள்ளும் சின்ன மெஷின்) ஹைட்ராலிக் கப்ளர், அதாவது ஆயில் ஹோஸை மாட்டிக் கழற்றும் இணைப்பு, ஒன்று கசிகிறது, இன்னொன்றில் ஹோஸ் ஏறவே மாட்டேன் என்கிறது. நானே மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். கழற்றி மாட்டுவது சின்ன வேலைதான். எந்தக் கப்ளர் வாங்குவது என்பதில்தான் முதல் தடவை எனக்கு இரண்டு நாள் போனது.

கசிகிற கப்ளரை மாற்றித்தான் ஆக வேண்டும். ஹோஸ் ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே அடைபட்ட பிரஷர். கழற்றிப் போட்ட அட்டாச்மென்ட் (லோடரின் முன்னால் மாட்டும் கருவி) வெயிலில் கிடந்தால் ஹோஸுக்குள் ஆயில் சூடாகி விரியும், வெளியேற வழி இருக்காது. நான் அப்போதெல்லாம் முனையில் இருக்கும் வால்வைச் சுத்தியலால் தட்டி பிரஷரை விடுவேன். கடைசியில் கழற்றிப் பார்த்தால் வால்வின் மூக்கு காளான் போல விரிந்து, அது உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. கெடுத்தது நானேதான்.

வேலையைத் தொடங்கும் முன் பிரஷரை விட, லோடரின் கைகளைத் தரைவரை இறக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஆக்ஸிலரி லீவரை (அட்டாச்மென்டுக்கு ஆயில் அனுப்பும் லீவர்) இரண்டு பக்கமும் சில முறை தள்ளுங்கள். எலக்ட்ரிக் சுவிட்ச் வைத்த மெஷின் என்றால் சாவி ஆனில் இருக்க வேண்டும். கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது, ஓர் அட்டையைக் காட்டிப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி பெரிதாக இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

இனி கப்ளரைத் திருகி மாட்டும் மரை. பிஎஸ்பி, என்பிடி என்பவை இரண்டு வேறு மரை வகைகள். பழைய மெஷினில் மேனுவலை நம்பாதீர்கள், இடையில் யார் எதை மாட்டினார்களோ! அரை அங்குல பிஎஸ்பி மரையின் வெளிவிட்டம் சுமார் 20.9 மிமீ, அரை அங்குல என்பிடி சுமார் 21.3 மிமீ. இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். சரியாகத்தான் போகிறது என்று நினைத்து ஸ்பேனரை அழுத்தினால் மரை போச்சு. ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உட்காரும் 7/8 அங்குல மரை என்றால் 22.2 மிமீ. வெர்னியரும் மரை கேஜும் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இன்னொன்று, கப்ளரின் சைஸ் வேறு, மரையின் சைஸ் வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பழைய குமிழ்முனை வகையை விட்டுத் தட்டை முக வகைக்கு மாறலாமா? என்னைக் கேட்டால், மாறுங்கள். துடைத்தால் சுத்தம், கழற்றும்போது ஆயிலும் சிந்தாது. ஐஎஸ்ஓ 16028 (தட்டை முகக் கப்ளருக்கான சர்வதேச அளவுத்தரம்) என்று கேட்டால், அதே சைஸில் வேறு கம்பெனி கப்ளரும் பொருந்தும். ஆனால் உங்கள் அட்டாச்மென்ட் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். ஐந்தாறு வைத்திருந்தால் பழைய வகையையே ஜோடியாகப் புதிதாகப் போடுவது லாபம். பாதி புதுசு, பாதி பழசு வேண்டாம். தேய்ந்த பாதி புது சீலையும் சீக்கிரம் கெடுத்துவிடும்.

கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் கட்டாயம். ஒன்று பின்னால் இருக்கும் ஃபிட்டிங்கைப் பிடிக்க, ஒன்று கப்ளரைத் திருப்ப. இல்லையென்றால் இரும்புக் குழாயே முறுக்கிக்கொள்ளும். துருப்பிடித்திருந்தால் துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஓர் இரவு விடுங்கள், கேஸ் டார்ச் பக்கம் போகாதீர்கள். ஓ-ரிங் மரைக்கு டெஃப்ளான் டேப் தேவையே இல்லை. பிய்ந்த துணுக்கு வால்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓ-ரிங்கில் கொஞ்சம் ஆயில் தடவினால் போதும்.

பழையபடியே ஒன்று ஆண் (உள்ளே நுழையும் பாதி), ஒன்று பெண்ணாக (அதை ஏற்கும் பாதி) போடுங்கள், அப்போதுதான் ஹோஸ் மாறிப் போகாது. மூன்றாவதாகச் சின்ன டிரெயின் ஹோஸ் (மோட்டாருக்குள் கசியும் ஆயிலைத் தொட்டிக்குத் திருப்புவது) இருந்தால் மாட்டும்போது அதுதான் முதலில், கழற்றும்போது கடைசியில். மறந்தால் அட்டாச்மென்ட் மோட்டாரின் ஷாஃப்ட் சீல் பிதுங்கிவிடும், அது கப்ளரைவிடப் பெரிய வேலை.